தாரில் வெறும் நிலம் ஏது?

அன்புள்ள ஐயா,

பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு ஜெய்சல்மேர் போய் வந்தோம். முதல் நாள் கோட்டை, ஹவேலி மாளிகைகள், கடிசர் ஏரி. எல்லாம் அழகு. மறுநாள் மாலை சம் மணல்மேட்டுக்குப் போனோம். அங்கேதான் மனம் விட்டுப்போயிற்று. மணல் முழுக்க ஜீப்புகள், கூடாரத்துக்குக் கூடாரம் ஒலிபெருக்கி. திரும்பும் வழியெல்லாம் முட்செடியும் பொட்டல்வெளியும் காற்றாலைகளும்தான். பாலைவனத்தின் இயற்கையைப் பற்றி நீங்கள் எழுதியதை நம்பிப் போனவன் நான். அது எங்கே இருக்கிறது? இன்னொரு கேள்வி. இந்த வெற்றுநிலத்தில் சூரிய மின்தகடுகளைப் பரப்பினால் நாட்டுக்கு நல்லதுதானே? ஊர்க்காரர்கள் ஏன் எதிர்க்கிறார்கள்?

ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

திரும்பும் வழியில் பொட்டல் என்று நீங்கள் கடந்து வந்தீர்களே, நீங்கள் தேடிப் போனது அங்கேதான் இருந்தது. தார்ப் பாலைவனத்தில் மணல்மேடு ஒரு பகுதி மட்டும்தான். சரளைத் தரையும் பாறைமேடும் புல்வெளியும் அதைச் சுற்றிப் பரந்து கிடக்கின்றன. சேவண் என்ற புல் அங்கே தூர் தூராக வளரும். மாதக்கணக்கில் காய்ந்து சருகாகக் கிடந்தாலும் ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். வேர் மணலைப் பிடித்துக்கொள்ளும். ஆடுமாடுகளும் சிங்காரா மான்களும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

1980-ல் அறிவிக்கப்பட்ட பாலைவனத் தேசியப் பூங்கா சம்மை ஒட்டியே இருக்கிறது. பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர். அதற்குள் ஊர்களும் மேய்ச்சல் நிலங்களும் உண்டு. குளிர் குறைந்த ஒரு காலைப்பொழுதில் பூங்காவின் சுதாசரிப் பக்கம் முள்வால் ஓணான்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாக வளை வாயில் தலை நீட்டின. பிறகு உடம்பு முழுவதும் வெளியே வந்து வயிற்றைத் தரையில் அப்பிக்கொண்டன. வானில் லகர் வல்லூறு ஒன்றின் நிழல் தட்டியது. அவ்வளவுதான், தரையில் ஒன்றையும் காணோம். இதைப் பார்க்க டிக்கெட்டோ ஒலிபெருக்கியோ தேவையில்லை. ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காரும் பொறுமை இருந்தால் போதும்.

ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழையை வைத்துக்கொண்டு அங்கே மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதும் இந்த இயற்கையோடு சேர்ந்ததுதான். குல்தாராவைப் பேய் ஊர் என்று சொல்லி உங்களுக்கும் காட்டியிருப்பார்கள். அந்த ஊரைக் கட்டிய பாலிவால்கள் கடீன் அமைப்பதில் தேர்ந்தவர்கள். பாறைமேட்டில் பெய்யும் மழை வழிந்தோடி வந்து சேரும் தாழ்வில் ஒரு நீண்ட கரை போடுவார்கள். தேங்கிய நீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கிவிடும். நம் கண்மாய் வற்றியதும் உள்வாயில் விதைப்பதுபோல, அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைவிப்பார்கள். பாசனமே கிடையாது. இன்றும் பல கடீன்கள் விளைகின்றன. பேய்க்கதையைவிட இது எனக்கு எத்தனையோ மடங்கு வியப்பாக இருக்கிறது. கோட்டையின் நிலைமை நேர் எதிர். 1156-ல் எழும்பிய அந்தக் கோட்டை சொற்ப நீரில் வாழ்ந்தவர்களுக்கானது. குழாய்த் தண்ணீர் வந்து, வடிகால் போதாமல் நீர் அடித்தளத்தில் கசிந்ததால் கொத்தளங்கள் சில இடிந்தே போயின.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சூரிய மின்சாரம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் வெற்றுநிலம் என்று நீங்கள் சொல்வதில் பல இடங்களுக்கு அங்கே ஒரு பெயர் இருக்கிறது. ஓரண். தெய்வத்தின் பெயரில் விட்ட காடு. மேய்க்கலாம், மரத்தை வெட்டக்கூடாது. ஓரணுக்கு வெளியே நிற்கும் வன்னி மரத்தை ஆண்டுதோறும் தழைக்காகக் கழித்துவிடுவார்கள், மொட்டையாக நிற்கும். உள்ளே நிற்கும் வன்னியோ கிளை தாழ்ந்து தரையைத் தொடும். எல்லை எங்கே என்று மரமே காட்டிக்கொடுக்கும். ஆனால் வருவாய்த்துறை ஏட்டில் இவற்றில் பல தரிசு என்றே பதிவாகியிருக்கின்றன. தரிசைக் குத்தகைக்குக் கொடுப்பது எளிது. தேக்ராய் மாதா ஓரணைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் தெருவில் இறங்கியது இதனால்தான். ஓரண்களை அடையாளம் கண்டு வனமாக அறிவிக்கும்படி 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான் அரசுக்கு உத்தரவிட்டது. அந்த வேலை முடியும்வரை ஓரண் நிலத்தில் ஒரு தகடுகூட வைக்கக்கூடாது என்பதே என் நிலை.

அடுத்தது, அந்த மின்சாரத்தைக் கொண்டுபோகும் மின்கம்பி. கானமயில் இயற்கையில் உலகம் முழுக்கவே சுமார் 150தான் மிஞ்சியிருக்கிறது, அதில் பெரும்பாலானவை ஜெய்சல்மேர் மாவட்டத்தில். ஒரு காலத்தில் நம் கொங்குப் புல்வெளிகளிலும் இருந்த பறவை. ஆண் பறவை 15 கிலோ வரை இருக்கும். கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நேர் முன்னே உள்ள கம்பி சரியாகத் தெரியாது. தெரிந்தபின் அந்த எடையைச் சட்டென்று திருப்பவும் முடியாது. பருவத்துக்கு வழக்கமாக ஒரே முட்டை. இப்படி ஒரு இனத்தில் ஒரு பறவை போனாலும் இழப்பு பெரிது. கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகும்படி 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டது. எனக்கு அதில் வருத்தம்தான். செலவு அதிகம் என்கிறார்கள். கானமயில் அழிந்தபின் எந்தச் செலவு செய்தும் திரும்பாது.

மறுபடி போவீர்கள் என்றால் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். ஜெய்சல்மேர் வனத்துறையில் அனுமதி வாங்கி விடிகாலையிலேயே சுதாசரிக்குப் போய்விடுங்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், கூலி அங்கேயே தங்கும். ஜெய்சல்மேரிலிருந்து பார்மேர் சாலையில் 17 கிலோமீட்டரில் ஆகல் புதைபடிவப் பூங்கா இருக்கிறது. 18 கோடி ஆண்டுக்கு முன் அங்கே காடாக நின்ற மரங்கள் கல்லாகிக் கிடப்பதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். கானமயிலைப் பார்த்தே தீருவேன் என்று ஜீப்பைப் புல்லுக்குள் விடச் சொல்லாதீர்கள். அது தரையில் முட்டையிடும் பறவை. தொலைநோக்கி ஒன்று எடுத்துப்போங்கள், பாதையில் நின்றபடியே பார்க்கலாம்.