எங்கள் தெருவில் குடிபோதை மறுவாழ்வு மையம் வருவதை எதிர்ப்பது சரியா?

குடியிருப்புப் பகுதி, இரண்டு தெரு தள்ளிப் பள்ளிக்கூடம், காலியாக இருந்த மாடி வீட்டில் மையம் வரப்போகிறது, "ஊருக்கு வெளியே கொண்டுபோகட்டும்" என்று நலச்சங்கத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வாசகத்துக்கு மட்டும் போடாதீர்கள். மையத்தைக் கேள்வி கேட்கும் மனு என்றால் தாராளமாகப் போடுங்கள்.

பெண் பிள்ளைகள் நடந்து போகிற தெரு, பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் குடிப்பவர்கள் உங்கள் தெருவில் ஏற்கெனவே இருக்கிறார்கள். மையத்துக்கு வருபவர் குடியை விட வருகிறவர், அதுவும் பெரும்பாலும் வீட்டு ஆட்கள் கையைப் பிடித்துக் கூட்டி வர வருகிறவர். இன்னொன்று, நம் மாநிலத்தில் டாஸ்மாக் கடைக்கே பள்ளி, கோவிலிலிருந்து மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர்தான் இடைவெளி கேட்கிறார்கள். விற்கிற கடை அவ்வளவு பக்கத்தில் இருக்கலாம், வைத்தியம் மட்டும் பைபாஸ் தாண்டி இருக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

என் அண்ணனை முதலில் சேர்த்தது அப்படி ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஓர் இடத்தில். அண்ணி இரண்டு பஸ் மாறி, கடைசியில் ஷேர் ஆட்டோ பிடித்துப் போவார். போனால் கேட்டுக்கு வெளியிலேயே உட்கார வைத்து, "நல்லா இருக்கார், அடுத்த வாரம் பாருங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். டாக்டர் யார், என்ன மாத்திரை கொடுக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. குடியைத் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம் மட்டுமில்லை, வலிப்பு வரலாம், புத்தி தடுமாறி ஆளே அடையாளம் தெரியாமல் பேசலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டாமா?

அக்கம்பக்கத்துக் கண் படாத இடத்தில்தான் அடி உதையும் நடக்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த 28 பேர் தீயில் கருகிப் போனார்களே, அது மனநலக் காப்பகம்தான் என்றாலும் எனக்கு இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வருகிறது.

நல்ல உதாரணமும் இருக்கிறது. சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை, கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய அறக்கட்டளை நடத்துவது, அடையாறு இந்திரா நகரில் வீடுகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. அங்கே நோயாளியோடு குடும்பத்துக்கும் ஆலோசனை உண்டு. திருவாரூர் பக்கம் மஞ்சக்குடியில் அவர்களே கிராமத்துக்குள் போய் முகாம் போட்டார்கள். அண்ணனும் அப்புறம் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் காட்டித்தான் தேறினார். டிஸ்சார்ஜ் ஆன பிறகு மாதக்கணக்கில் தொடர்ந்து போக வேண்டியிருந்தது, வேலை முடிந்து வரும் வழியிலேயே இருந்ததால் போனார். தூரமாக இருந்திருந்தால் இரண்டாவது மாதமே விட்டிருப்பார்.

சரி, நீங்கள் என்ன கேட்க வேண்டும்? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், இரவில் நர்ஸ் உண்டா, வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், எத்தனை படுக்கை, குடும்பத்தார் எப்போது உள்ளே போய்ப் பார்க்கலாம். சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டமே தடை செய்கிறது, அதையும் எடுத்துச் சொல்லுங்கள். வண்டி நிறுத்துவது, குப்பை, வாசலில் கூட்டம் நிற்பது இதெல்லாம் பேசித் தீர்க்கிற விஷயம்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அந்த நிர்வாகியையும் டாக்டரையும் நேரில் வரச் சொல்லுங்கள். வந்து பதில் சொன்னால் மையம் வரட்டும். வராமல் நழுவினாலோ, பதிவு இல்லை என்றாலோ, கலெக்டர் ஆபீஸில் மனு கொடுங்கள். அந்த மனுவில் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம்.