நாயகனுக்கு முன்னே வரும் இசை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): 1978-இல் வந்த ‘சூப்பர்மேன்’ படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் அமைத்த இசைக்கு ஈடே இல்லை என்பது என் கட்சி. 2013-இல் வந்த ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ படத்தில் ஹான்ஸ் ஸிம்மர் தந்ததுதான் மனத்தைத் தொடுகிறது என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் மகன். தீர்ப்புச் சொல்ல முடியுமா?

பதில்: தீர்ப்புக்கு முன்னால், இரண்டு படங்களும் தத்தம் இசையமைப்பாளரிடம் என்ன கேட்டன என்று பார்த்துவிடுவோம். 1978-இல் இயக்குநர் ரிச்சர்ட் டானருக்கு இருந்த பெரிய கவலை, மனிதன் ஒருவன் வானில் பறப்பதை அரங்கில் இருப்பவர்கள் நம்ப வேண்டுமே என்பது. ஒரு மனிதனால் பறக்க முடியும் என்று நீங்கள் நம்புவீர்கள் என்பதே படத்தின் விளம்பர வாசகம். தந்திரக் காட்சிகள் பாதி நம்ப வைத்தன. மீதியை லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா செய்து முடித்தது. அடித்தந்திகளில் தாழ்ந்த குரலில் ஒரு தாளம் தொடங்க, தொலைவிலிருந்து அழைப்பதுபோல் டிரம்பெட் எழ, ஆரவாரம் படிப்படியாகக் கூடி, கடைசியில் ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தயக்கமே இல்லாமல் தாவும் அந்த மெட்டு வந்து நிற்கும்போது, இவன் பறப்பானா என்ற கேள்வியே நமக்கு எழுவதில்லை. மெட்டின் முடிவில் விழும் மூன்று ஸ்வரங்கள் நாயகனின் பெயரையே உச்சரிப்பதாகத் தோன்றியது என்று டானர் பின்னாளில் பூரித்துச் சொல்லியிருக்கிறார். ஹெலிகாப்டர் மீட்புக் காட்சியில், சாதாரண மனிதனாக கிளார்க் என்ற பெயரில் உலவும் நாயகன் ஓடிவந்து சட்டையைத் திறக்கும் நொடியை மறுபடியும் பாருங்கள். முகப்பில் முழுதாகக் கேட்டுவிட்ட மெட்டுக்காக அரங்கம் அந்த நொடியில் காத்திருக்கிறது. இசை அந்தக் காத்திருப்பை நிறைவேற்றுகிறது.

2013-இல் பறப்பதை நம்ப வைக்கும் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது. ஸிம்மருக்கு மிஞ்சியது வேறொரு கேள்வி: தான் யார் என்று தெரியாமல், கான்சாஸ் பண்ணை வீட்டில் தன் வலிமையை ஒளித்து வளரும் ஒருவனுக்கு எப்படி இசை எழுதுவது? அவர் பியானோவில் தனித்தனியாக, எந்த அலங்காரமும் இல்லாமல், சில ஸ்வரங்களை வைத்துத் தொடங்கினார். பிறகு பல டிரம் கலைஞர்களை ஒரே கூடத்தில் அமர்த்தி, அமெரிக்கக் கிராமிய இசையில் வழங்கும் பெடல் ஸ்டீல் கிதாரையும் சேர்த்து, அதே சில ஸ்வரங்களின் கீழே ஒலியை அடுக்கடுக்காக ஏற்றினார். மெட்டு அதிகம் மாறுவதில்லை; அதைச் சுற்றியுள்ள காற்று கனத்துக்கொண்டே போகிறது. முதன்முதலாகப் பறக்கும் காட்சியில் அந்தக் கனம் விலகும்போது கிடைக்கும் விடுதலை உணர்ச்சியைத்தான் உங்கள் மகன் சொல்கிறார்; அதில் பொய்யில்லை.

ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன். நாயக மெட்டை மதிப்பிட எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. அந்த மெட்டைப் படத்தின் உள்ளே எத்தனை விதமாக மாற்றினாலும் அதன் முகம் நமக்குத் தெரிய வேண்டும். வேகத்தைக் குறைத்தாலும், ஒற்றைக் குழலுக்குக் கொடுத்தாலும், பாதியில் வெட்டினாலும், அதுதான் இது என்று காது கண்டுகொள்ள வேண்டும். வில்லியம்ஸின் மெட்டு நகைச்சுவைக் காட்சியிலும் ஒட்டுகிறது, ஆபத்திலும் ஒட்டுகிறது, இரண்டே ஸ்வரங்களாகச் சுருங்கினாலும் தன்னைக் காட்டிக்கொள்கிறது. ஸிம்மரின் இசைக்கு அதன் ஒலிப் பரப்பே உயிர். அந்தப் பரப்பைக் கழற்றிவிட்டால் எஞ்சுவது குறைவு. இந்த அளவுகோலின்படி என் வாக்கு உங்களுக்கே.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): பேட்மேனுக்கு மட்டும் டேனி எல்ஃப்மன், ஹான்ஸ் ஸிம்மர், மைக்கேல் ஜியாக்கினோ என்று ஆளுக்கொரு இசை. ஒரே பாத்திரத்துக்கு இத்தனை வேறுபாடு எப்படி வந்தது?

பதில்: கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இதை ஸ்வரங்களைக் கொண்டே காட்டிவிடலாம். 1989-இல் டிம் பர்ட்டன் இயக்கிய படத்துக்கு எல்ஃப்மன் எழுதியது ஐந்து ஸ்வரங்கள்: ஸ, சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், அங்கிருந்து ஒரே தாவலில் சுத்த தைவதம், பிறகு பஞ்சமத்தில் இறக்கம். எல்லாம் நடபைரவி ராகத்தின் எல்லைக்குள் அடங்குபவை. முதல் மூன்று ஸ்வரங்கள் படியேறுவதுபோல் ஒழுங்காகச் செல்கின்றன. அடுத்தது பஞ்சமத்தைத் தாண்டிச் சென்று தொட்டுவிட்டு, கூடாத இடத்துக்கு வந்ததுபோல் உடனே அரைப் படி இறங்குகிறது. அந்தத் தாவலிலும் இறக்கத்திலும்தான் பேட்மேனின் இருட்டு முழுவதும் இருக்கிறது. முகப்பில் கேமரா ஏதோ கற்பள்ளங்களுக்குள் ஊர்ந்து செல்ல, இந்த ஐந்து ஸ்வரங்களும் அடியாழத்தில் மெல்லத் தொடங்கி, அணிவகுப்பு நடையாக வேகம் பிடித்து, நாம் கடந்துவந்த பள்ளங்களெல்லாம் வௌவால் சின்னத்தின் பகுதிகள் என்று தெரியும்போது உச்சத்தை அடைகின்றன. அதுவரை ராக் குழுவொன்றின் பாடகராகவே பலரும் அறிந்திருந்த எல்ஃப்மன்மீது தயாரிப்புத் தரப்புக்கு முழு நம்பிக்கை இருக்கவில்லை. அந்த நடையைக் கேட்ட பிறகுதான் தயக்கம் நீங்கியது. படத்தின் முடிவில் மைனர் என்னும் சோக நிறத்திலிருந்து மேஜர் என்னும் மலர்ந்த நிறத்துக்கு இசை திரும்பும் இடத்தைத் தவறவிடாதீர்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருட்டிலேயே வைத்திருந்த மெட்டுக்கு அங்கேதான் வெளிச்சம் கிடைக்கிறது.

2005-இன் ‘பேட்மேன் பிகின்ஸ்’, 2008-இன் ‘தி டார்க் நைட்’ ஆகிய இரண்டிலும் ஸிம்மர், ஜேம்ஸ் நியூட்டன் ஹவர்டுடன் சேர்ந்து பணியாற்றினார். அங்கே நாயகனுக்குரியது இரண்டே ஸ்வரங்கள்: ஸட்ஜமும் சாதாரண காந்தாரமும். பித்தளை வாத்தியங்களில் வீங்கி எழுந்து, எங்கும் போய்ச் சேராமல் நின்றுவிடுகின்றன. பெற்றோரை இழந்த கணத்தோடு உள்ளுக்குள் உறைந்துபோன ஒருவனுக்கு முடிவுபெற்ற மெட்டு பொருந்தாது என்ற முடிவை நான் மதிக்கிறேன். வில்லனுக்கு இன்னும் துணிந்து, செல்லோவில் நீண்டு இழுபட்டுக் காதை உறுத்தும் ஒற்றை ஸ்வரத்தைத் தந்தார்கள். ஜோக்கர் திரையில் இல்லாதபோதும் அந்த ஒலி வந்தால் உடல் விறைத்துவிடுகிறது. சென்ற பதிலில் ஸிம்மரைக் குறைத்து மதிப்பிட்டதாக நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

2022-இன் ‘தி பேட்மேன்’ படத்துக்கு ஜியாக்கினோ எழுதியது நான்கு ஸ்வரங்கள் கொண்ட, சவ ஊர்வலம் போன்ற கனத்த நடை. படப்பிடிப்புக்கு முன்பே அதை எழுதி இயக்குநரிடம் கொடுத்துவிட்டார். படத்தின் மெதுவான, அழுத்தமான நடைக்கும் இசைக்கும் இடையே தையல் தெரியாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மூவரில் ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், எல்ஃப்மன்.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): ஜெர்ரி கோல்ட்ஸ்மித் எப்போதும் வில்லியம்ஸின் நிழலிலேயே இருந்தார் என்கிறார்களே, அது நியாயமா?

பதில்: நியாயமே இல்லை. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் என்றுகூடச் சொல்வேன். டானரின் முந்தைய படமான ‘தி ஓமன்’ மூலம் 1976-ஆம் ஆண்டுக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றவர் கோல்ட்ஸ்மித்; ‘சூப்பர்மேன்’ படத்துக்கும் முதலில் அவரைத்தான் நினைத்திருந்தார்கள். கால அட்டவணை ஒத்துவராததால் அது வில்லியம்ஸிடம் சென்றது. பிறகு 1984-இல் ‘சூப்பர்கேர்ள்’ கோல்ட்ஸ்மித்துக்குக் கிடைத்தது. படம் தேறவில்லை, இசை தேறியது. முகப்பில் அவர் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு நடுவே சின்தசைஸரில் ஒலியை மேல்நோக்கி வழுக்கவிடுகிறார், தரையிலிருந்து உடல் எழும்பும் உணர்வு அப்படியே கிடைக்கிறது. வில்லியம்ஸ் பறத்தலின் பெருமையை எழுதினார் என்றால், கோல்ட்ஸ்மித் பறத்தலின் விளையாட்டை எழுதினார். படம் ஓடாததால் அந்த மெட்டைப் பெரும்பாலோர் கேட்கவே இல்லை என்பது என் மனத்தில் இன்றும் ஆறாத குறை.

ஆனால் அவருடைய உண்மையான சாட்சி 1979-இல் வந்த முதல் ‘ஸ்டார் ட்ரெக்’ திரைப்படம். கேப்டன் கிர்க், புதுப்பிக்கப்பட்ட என்டர்பிரைஸ் விண்வெளிக் கப்பலைச் சிறு ஊர்தியில் சுற்றிவந்து பார்க்கும் காட்சி அதில் உண்டு. பேச்சு மிகக் குறைவு. நிமிடக்கணக்கில் கப்பலும் இசையும் மட்டுமே. கோல்ட்ஸ்மித் முதலில் எழுதிய இசை கடற்பயணத்தை நினைவூட்டும் அழகான ஒலிப்பரப்பு. இயக்குநர் ராபர்ட் வைஸ் அதை ஏற்கவில்லை. இதில் மெட்டு இல்லையே என்றார். கோல்ட்ஸ்மித்துக்கு அது வருத்தம்தான். ஆயினும் திரும்ப உட்கார்ந்து எழுதியபோது பிறந்ததுதான் நாம் இன்று அறிந்த ‘ஸ்டார் ட்ரெக்’ மெட்டு. நிராகரிக்கப்பட்ட வடிவமும் பின்னாளில் இசைத்தட்டாக வெளிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், நிறத்தோடு நின்றுவிடும் இசைக்கும் நம்மோடு வீட்டுக்கு வந்துவிடும் இசைக்கும் உள்ள தூரம் சில நிமிடங்களில் விளங்கிவிடும். அந்தக் காட்சியில் கப்பலின் முகப்பு முழுதாகத் தெரியும்வரை அவர் மெட்டை முழுதாகத் தருவதில்லை. துண்டு துண்டாகக் காட்டி, பின்வாங்கி, கிர்க்கின் கண்களில் இருக்கும் ஏக்கத்தை நம்முடையதாக ஆக்கிவிடுகிறார். அதே படத்தில் அந்நிய சக்திக்கு, பல அடி நீள உலோகச் சட்டத்தில் கம்பிகளைப் பூட்டிய பிளாஸ்டர் பீம் என்னும் கருவியின் உறுமலைப் பயன்படுத்தியவரும் அவரே. 1987-இல் தொடங்கிய ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொலைக்காட்சித் தொடர் இந்த மெட்டையே முகப்பாக எடுத்துக்கொண்டது. இப்படி ஒரு மெட்டைத் தந்தவரை எவருடைய நிழல் மறைக்கும்?

வில்லியம்ஸின் 1977-ஆம் ஆண்டு ‘ஸ்டார் வார்ஸ்’ மெட்டு, ஸ, ப, மகரி, மேல் ஸ, ப என்று எடுத்த எடுப்பிலேயே வெற்றியை அறிவித்துவிடுகிறது. கோல்ட்ஸ்மித்தின் மெட்டில் வெற்றிக்கு முன்னால் ஒரு வியப்பு இருக்கிறது. தனியாக இருக்கும்போது நான் கேட்பது பெரும்பாலும் இரண்டாவதைத்தான்.

கேள்வி (சென்னை வாசகர்): அப்படியானால் 1982-இல் வந்த இரண்டாம் ‘ஸ்டார் ட்ரெக்’ படத்துக்கு ஏன் ஆளை மாற்றினார்கள்?

பதில்: செலவைக் குறைத்தார்கள், கோல்ட்ஸ்மித்தின் ஊதியம் கட்டுப்படியாகவில்லை. வாய்ப்பு, அப்போது முப்பது வயதுகூட ஆகாத ஜேம்ஸ் ஹார்னருக்குப் போயிற்று. இயக்குநர் நிக்கலஸ் மேயர் விண்வெளிக் கப்பலைப் பாய்மரக் கப்பலாகவே எண்ணியவர். ஹார்னரின் பிரெஞ்சு ஹார்ன்கள் அந்த உப்புக்காற்றைக் கொண்டுவந்தன. சிக்கனத்தால் நேர்ந்த நல்லது என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

கேள்வி (சேலம் வாசகர்): மார்வெல் படங்களை ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறேன். ஆனால் அவெஞ்சர்ஸ் இசையைத் தவிர வேறொன்றும் வாயில் வருவதில்லை. என் காதில் கோளாறா?

பதில்: உங்கள் காது நன்றாகவே இருக்கிறது. அயர்ன் மேனின் மூன்று படங்களுக்கு மூன்று இசையமைப்பாளர்கள்: 2008-இல் ரமின் ஜவாடி, 2010-இல் ஜான் டெப்னி, 2013-இல் பிரையன் டைலர். தோரின் நான்கு படங்களுக்கு நால்வர்: பாட்ரிக் டாயில், பிரையன் டைலர், மார்க் மதர்ஸ்பா, ஜியாக்கினோ. ஒவ்வொருவரும் தமக்கென ஒரு மெட்டை எழுதினார்கள். முன்னவரின் மெட்டு பெரும்பாலும் கைவிடப்பட்டது. திரும்பத் திரும்ப வராத மெட்டு மனத்தில் எப்படித் தங்கும்? படத்தொகுப்பின்போது வேறு படங்களின் இசையைத் தற்காலிகமாக ஒட்டி, பிறகு அதையொட்டியே புதிய இசை கேட்கும் வழக்கமும் இதில் சேர்ந்துகொண்டது. ஆலன் சில்வெஸ்ட்ரியின் 2012-ஆம் ஆண்டு ‘அவெஞ்சர்ஸ்’ மெட்டு தப்பிப் பிழைத்ததற்குக் காரணம், 2015-இல் எல்ஃப்மனும் அதைத் தம் இசைக்குள் கோத்துக்கொண்டார், 2018, 2019 படங்களுக்குச் சில்வெஸ்ட்ரியே திரும்பி வந்தார் என்பதே. ‘எண்ட்கேம்’ படத்தில் வாயில்கள் திறந்து அனைவரும் அணிதிரளும்போது அந்த மெட்டு எழ, அரங்கங்கள் அதிர்ந்தது ஏழு ஆண்டுகாலப் பழக்கத்தின் பயன்.

மார்வெலில் இன்னொன்றையும் நீங்கள் தேடிக் கேட்க வேண்டும்: 2018-இன் ‘பிளாக் பாந்தர்’. ஸ்வீடனைச் சேர்ந்த லுட்விக் யோரான்சன், செனகல் சென்று, பாடகர் பாபா மாலுடன் பயணம் செய்து, அங்குள்ள கலைஞர்களுடன் ஒலிப்பதிவு செய்தார். கக்கத்தில் இடுக்கி அழுத்தத்தை மாற்றி வாசிக்கும் ‘தமா’ என்னும் பேசும் முரசு, நாயகன் ட்சல்லாவின் பெயரை அசையசையாக ஒலிக்கிறது. எதிரி கில்மாங்கருக்கு ஃபுலா மக்களின் குழல். ஆப்பிரிக்காவின் அந்தக் குழலுக்குக் கீழே, அவன் வளர்ந்த அமெரிக்க நகரமான ஓக்லண்டின் தெருக்களில் ஒலிக்கும் ஹிப்ஹாப் தாளம். இருவரும் மோதும் காட்சியில் முரசையும் குழலையும் மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். யார் கை ஓங்குகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.