பாரிஸிலிருந்து டிஜிவி: பாஸா, டிக்கெட்டா?

கேள்வி: ஜூனில் நானும் மனைவியும் பாரிஸிலிருந்து ஜெனீவா, அங்கிருந்து பார்சிலோனா, மீண்டும் பாரிஸ் என்று டிஜிவி என்னும் பிரெஞ்சு அதிவேக ரயிலில் சுற்றப் போகிறோம். யூரெயில் பாஸ் (பல ஐரோப்பிய நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டு) இருந்தால் எந்த ரயிலிலும் ஏறலாம் என்கிறார் நண்பர். உண்மையா? முடிந்தால் லண்டனும் பார்க்க ஆசை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா மட்டும் இருக்கிறது.

பதில்: நண்பர் சொல்வது உள்ளூர் ரயில்களுக்குச் சரி, டிஜிவிக்கு ஒத்துவராது. அதில் முன்பதிவு கட்டாயம். கையில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டணும். பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடமும் கொஞ்சம்தான். மலிவு ரயிலான வீகோவில் பாஸ் செல்லவே செல்லாது. மூன்றே பயணம் என்பதால் தனி டிக்கெட் வாங்குங்கள். ஆனால் தட்கல் பழக்கத்தில் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். அங்கே வெயிட்டிங் லிஸ்ட், ஆர்ஏசி எல்லாம் இல்லை. இடம் நிரம்ப நிரம்ப விலை ஏறும். முன்பதிவு திறந்ததுமே வாங்கிவிடுங்கள்.

அப்புறம், பாரிஸில் எந்த நிலையம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜெனீவா, பார்சிலோனா ரயில்களுக்கு கார் து லியோன். ஜெர்மனிக்கு கார் து லெஸ்ட். பிரஸ்ஸல்ஸ், லண்டனுக்கு கார் து நோர். (அதன் பக்கத்திலேயே ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பேல், இட்லி, தோசைக்குப் பஞ்சமில்லை.) புறப்படுவதற்கு 2 நிமிடம் முன்பே கதவு மூடிவிடும், ஓடிப்போய் ஏறும் வேலை நடக்காது.

பாரிஸ்–ஜெனீவா 3 மணி நேரத்துக்குச் சற்று மேல். பார்சிலோனா–பாரிஸ் ஏறத்தாழ 7 மணி நேரம். ஸ்பெயினின் பழைய தண்டவாளம் 1,668 மி.மீ. அகலம், பிரான்சில் 1,435. ஸ்பெயின் தன் அதிவேகப் பாதையை 1,435-இல் போட்டதால்தான் 2013 டிசம்பரிலிருந்து டிஜிவி நேராக பார்சிலோனா வரை போகிறது. அதற்கு முன் எல்லை தாண்டி ஃபிகரஸில் இறங்கி மாற வேண்டியிருந்தது.

சிக்கல் நடுவில் உள்ள பயணத்தில். ஜெனீவாவிலிருந்து பார்சிலோனாவுக்கு நேரடி ரயில் கிடையாது. பிரான்சின் லியோன் நகரில் பார்-தியூ நிலையத்தில் மாறுவது நல்லது. அங்கிருந்து பார்சிலோனாவுக்கு ஸ்பெயின் ரயில் நிறுவனமான ரென்ஃபேயின் ரயில் இருக்கிறது. இரண்டும் தனித்தனி டிக்கெட், முதல் ரயில் தாமதமானால் அடுத்ததற்குக் கட்டிய பணம் போய்விடலாம். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். திரும்பும்போது பார்சிலோனா சாண்ட்ஸ் நிலையத்தில் பெட்டிகளை ஸ்கேன் செய்வார்கள், அரை மணி நேரம் முன்னால் போங்கள்.

லண்டனுக்கு ஷெங்கன் விசா உதவாது, பிரிட்டன் விசா தனியாக எடுக்கணும். போய்விட்டு பாரிஸ் திரும்புவதாக இருந்தால் ஷெங்கன் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று முதலில் பாருங்கள்.