மூடுபனிக்குள் நாரும் தோலும்: கேள்வி பதில்

இலங்கை மலையகத்தில் வீட்டுத் தேவைக்கு நார் எடுப்பவர்கள், சாயம் போடுபவர்கள், தோல் பதனிடுபவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும். முக்கால்வாசிக் கேள்வி கடைசியில் ஈரத்தில்தான் வந்து நிற்கிறது.

ஹட்டன்: அண்ணே, வேலியோரம் ஹண நிறைய நிக்குது. தேங்காய் மட்டை மாதிரி தண்ணியில ஊறப்போட்டேன். பத்து நாள்ல நாறி, நாரும் கறுத்துப்போச்சு. எங்க தப்பு?

ஊறப்போட்டதுதான் தப்பு. தேங்காய் மட்டையில் நார் இறுக்கமாகப் பிடித்திருக்கும், அதனால் மாதக்கணக்கில் ஊற வேண்டும். ஹண, அதாவது நார்க் கற்றாழை, அப்படியில்லை. சாறுள்ள சதைக்குள் நார் நெடுக ஓடுகிறது, சுரண்டினாலே வந்துவிடும். (சோற்றுக் கற்றாழையில் நார் தேடி ஏமாறாதீர்கள்.)

மூன்றடிக்கு மேல் வளர்ந்த அடி இலைகளை மட்டும் வெட்டுங்கள். செடியில் இருபது இலையாவது மிஞ்சட்டும். ஓரத்து முள்ளைச் சீவி, இரண்டு விரல் அகலத்துக்கு நெடுக்காகக் கிழியுங்கள். வழுவழுப்பான கட்டை ஒன்றைச் சாய்த்து, அதன்மேல் இலையை வைத்து, மழுங்கிய இரும்புத் தகட்டால் அழுத்திச் சுரண்டுங்கள். தகடு கூராக இருந்தால் சதையோடு நாரும் அறும். பாதி இலை முடிந்ததும், வந்த நாரைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு மறுபாதியைச் சுரண்டலாம். வெட்டிய அன்றே முடித்துவிடுங்கள். வாடிய இலையில் பசை நாரோடு ஒட்டிக் காய்ந்துவிடும், பிறகு எத்தனை முறை அலசினாலும் முரடாகவே இருக்கும். சாறு அரிக்கும், கையுறை போடுங்கள், கண்ணில் படாமல் பாருங்கள்.

மூன்று தண்ணீர் மாற்றி அலசி, காற்றோட்டமான இடத்தில் கொடியில் மெல்லியதாகப் பரப்புங்கள். நூறு கிலோ இலைக்கு இரண்டு மூன்று கிலோ உலர்ந்த நார்தான் கிடைக்கும், அதற்கேற்ப இலை வெட்டுங்கள். உங்கள் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை இந்த வேலையே வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். பதுளை, வெலிமடைப் பக்கத்தில் இது தலைகீழ்: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வீசும் வறண்ட காற்றில் நார் ஒரே நாளில் காயும். மழையில் மாட்டிக்கொண்டால் அடுப்புக்கு மேலே தொங்கவிடலாம். ஆனால் புகை மஞ்சளாக்கும், அந்த நாரைக் கயிற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஆள்: திரிச்ச கயிறு கைய விட்டதும் அவிழுதே?

இரண்டு புரியையும் (கயிற்றின் இழைகளை) ஒரே பக்கம், வலமாக முறுக்குங்கள். சேர்க்கும்போது இடமாக முறுக்குங்கள். ஒன்றின் முறுக்கு மற்றதைப் பிடித்துக்கொள்ளும். புதிய நார் சேர்ப்பதை இரண்டு புரியிலும் ஒரே இடத்தில் செய்யக் கூடாது, கயிறு அங்கேதான் அறும்.

பண்டாரவளை: அண்ணே, பாய் நெய்ய நாருக்கு மஞ்சளும் பதங்கியும் (சிவப்புச் சாய மரம்) போட்டேன். ஒரு மாசத்துல வெளுத்துட்டு. தும்பறைப் பாய் மட்டும் எப்படி நிறம் நிக்குது?

தங்கச்சி, சாயத்துக்கு முன்னால் நாரைத் தயார் பண்ணாததுதான் காரணம். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த தும்பறை நெசவுக்கும் மூலப்பொருள் இதே ஹண நார்தான். செடி நாரில் சாயம் தானாக ஒட்டாது. முதலில் கடுக்காயின் துவர்ப்பு ஏற வேண்டும், பிறகு படிகாரம்.

அரைக் கிலோ உலர்ந்த நாருக்குக் கணக்குச் சொல்கிறேன். ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்ட தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து அலசுங்கள், மிச்சப் பசை போய்விடும். 100 கிராம் கடுக்காய்த் தூளை வெந்நீரில் கரைத்து, நாரை இரவு முழுக்க அதில் போடுங்கள். பிழிந்து, 75 கிராம் படிகாரம் கரைத்த தண்ணீரில், கொதிக்காத சூட்டில் ஒரு மணி நேரம். லேசாக அலசிவிட்டுச் சாயத்துக்குப் போகலாம். பதங்கிச் சீவல் அரைக் கிலோவை முதல்நாளே ஊறவைத்து, ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். ஆறிய சாயத்தில் நாரை இறக்கி மெதுவாகச் சூடேற்றி, ஒரு மணி நேரம் வைத்து, அதிலேயே ஆறவிடுங்கள். கொதிக்கும் சாயத்தில் சட்டென்று போட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும்.

இவ்வளவு செய்தாலும் மஞ்சள் வெயிலில் வெளுக்கும், சவர்க்காரம் பட்டால் சிவக்கும். சுவரில் தொங்குவதற்குப் போடலாம், மிதிக்கும் பாய்க்கு வேண்டாம். பதங்கி அதைவிடப் பரவாயில்லை, ஆனாலும் ஜன்னல் வெயிலுக்கு வைக்காதீர்கள். கறுப்புத்தான் நம்பகமானது: கடுக்காய் ஏறிய நாரை, 10 கிராம் அன்னபேதி (இரும்பு உப்பு) கரைத்த தண்ணீரில் கால் மணி நேரம் புரட்டினால் போதும். கறுப்பு கூட வேண்டும் என்று அன்னபேதியைக் கூட்டினால் இரும்பு நாரைத் தின்றுவிடும், ஒரு வருடத்தில் நொறுங்கும்.

ராகலை: தேயிலைச் சாயம்?

நிற்கும். குடித்து மிஞ்சிய சக்கை, நாரின் எடைக்கு மூன்று மடங்கு. பழுப்பு வரும், அன்னபேதி சேர்த்தால் சாம்பல் நிறம்.

மஸ்கெலியா: ஐயா, கிடாத் தோல உப்புப் போட்டு வச்சேன், முடி கொத்துக் கொத்தா கழண்டு நாத்தம். இன்னொன்னு வாட்டில் மரப் பட்டையில போட்டு எடுத்தா வெளியே சிவப்பு, உள்ளே பச்சைத் தோல்.

இரண்டும் வேறு வேறு பிழை. முதலாவதில் உப்புப் போடத் தாமதமாகியிருக்கும், இல்லையென்றால் உப்பு போதவில்லை. உரித்த சில மணி நேரத்துக்குள், கொழுப்பைச் சுரண்டிவிட்டு, தோல் எடையில் பாதி உப்பைச் சதைப்பக்கம் ஓரம் வரை தேய்க்க வேண்டும். மடிப்பில் உப்பு ஏறாவிட்டால் அழுகல் அங்கேதான் தொடங்கும். வடியும் தண்ணீர் ஓடிப்போகும்படி சாய்த்து வையுங்கள்.

இரண்டாவதில் அவசரம். உப்பைக் கழுவி, பத்து லீட்டர் தண்ணீரில் 400 கிராம் நீற்றிய சுண்ணாம்பு கரைத்து ஊறவையுங்கள். குளிரில் ஒரு வாரம் பிடிக்கும், தினம் இரண்டு தடவை கிளறுங்கள். முடி கையோடு வந்ததும் சுரண்டி, நன்றாகக் கழுவி, ஒரு கோப்பை வினாகிரி சேர்த்த பத்து லீட்டர் தண்ணீரில் வழுவழுப்புப் போகும்வரை வையுங்கள். பிறகுதான் பட்டை: ஒரு கிலோ நறுக்கிய வாட்டில் பட்டையை எட்டு லீட்டர் தண்ணீரில் காய்ச்சி, ஆறவிட்டு, முதல் மூன்று நாள் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தே பாவியுங்கள். மூன்று நாளுக்கொரு தடவை அடர்த்தியைக் கூட்டுங்கள். ஆரம்பத்திலேயே கெட்டிச் சாற்றில் போட்டால் மேல்தோல் இறுகிப்போய், சாறு நடுவுக்குப் போக வழி அடைபடும். உங்களுக்கு நடந்தது அதுதான். மூன்று நான்கு வாரம் கழித்து ஓரத்தில் சிறு துண்டு வெட்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் ஆகவில்லை. பிளாஸ்டிக் பீப்பாய்தான் வேண்டும், இரும்பு பட்டால் தோல் கறுக்கும்.

அரை ஈரத்தில் ஆமணக்கெண்ணெய் தடவி, காயக் காய ஒரு கட்டையின் விளிம்பில் இழுத்து இழுத்துத் தேயுங்கள். சும்மா காயவிட்டால் பலகைதான் கிடைக்கும். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைவது, நம் குளிருக்கு ஒத்துவராது.

நோர்வூட்: இதே தோல் தப்பு மேளத்துக்கு ஆகுமா?

ஆகாது தம்பி. பதனிட்ட தோல் தொய்யும், ஓசை வராது. வினாகிரித் தண்ணீரோடு நிறுத்தி, பட்டைச் சாறே காட்டாமல், ஈரமாகவே வளையத்தில் இழுத்து ஒட்டி நிழலில் காயவிடுங்கள். பனியில் தளரும், அடிக்கும் முன் நெருப்பில் காய்ச்சுவது அதனால்தான்.

வெலிமடை: மூங்கில் கூடை ஆறு மாசத்துல மாவா உதிருது.

மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தேடி வண்டு துளைக்கிறது. மூன்று வருடம் முற்றிய கழியை வெட்டி, ஓடும் தண்ணீரில் மூன்று நான்கு வாரம் அமிழ்த்துங்கள், மாவு கரைந்து போகும். பிளந்த சிம்புகளை வெண்காரக் (போராக்ஸ்) கரைசலில், இருபது லீட்டருக்கு ஒரு கிலோ கணக்கில், ஒரு நாள் ஊறவைத்தால் இன்னும் நல்லது. சாப்பாடு வைக்கும் கூடைக்கு வெண்காரத்தை விட்டுவிட்டு, தண்ணீரில் ஊறவைப்பதோடு நிறுத்துங்கள்.