‘உக்காந்துடுச்சு சார்’ என்றால் பொருந்திவிட்டதா? அலாய் வீல் கேள்வி-பதில்

15 அங்குல ரிம்மில் 185/65 டயர் ஓடுகிறது. 16 அங்குல அலாய்க்கு மாற நினைக்கிறேன். கடையில் 205/55 போடச் சொல்கிறார்கள். சரியா?

முதலில் சக்கரத்தின் மொத்த உயரத்தைக் கணக்கிடுங்கள். டயர் அகலத்தை, சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள சதவீதத்தால் பெருக்கினால் பக்கச்சுவரின் உயரம் வரும். அதை இரண்டு மடங்காக்கி, ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். இப்போதுள்ள 185/65 ஆர்15-க்கு 621.5 மி.மீ. வருகிறது. 195/55 ஆர்16-க்கு 620.9 மி.மீ., ஏறக்குறைய அதே உயரம். கடைக்காரர் சொல்லும் 205/55 ஆர்16-க்கு 631.9 மி.மீ., அதாவது 1.7 சதவீதம் கூடுதல். ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது வண்டி முன்பைவிட அந்த அளவுக்கு வேகமாகப் போகும். அதுகூடப் பரவாயில்லை. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கும்போது டயர் ஃபெண்டர் உள்விளிம்பில் உரசினால்தான் தொல்லை. 195/55 போதும்.

என் ரிம் 6ஜே, ஈ.டி. 45. பிடித்த டிசைன் 7ஜே, ஈ.டி. 35-ல்தான் இருக்கிறது. ஓட்டை எல்லாம் பொருந்துகிறது.

ஓட்டை பொருந்துவது முதல் படிதான். 6ஜே, 7ஜே என்பது ரிம்மின் அகலம், அங்குலத்தில். ஈ.டி. என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (காரில் சக்கரத்தை மாட்டும் சுழல் முனை) ஒட்டி உட்காரும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்ற கணக்கு. இந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும்.

உங்கள் கணக்கு இப்படி: அகலம் ஓர் அங்குலம் கூடுவதால் இரு பக்கமும் 12.7 மி.மீ. வளர்கிறது. ஈ.டி. 10 குறைவதால் மொத்தமும் 10 மி.மீ. வெளியே நகர்கிறது. ஆக வெளிப்பக்கம் 22.7 மி.மீ. நீட்டும், உட்பக்கம் ஸ்ட்ரட்டை (சஸ்பென்ஷன் தூண்) நோக்கி 2.7 மி.மீ. நெருங்கும். உள்ளே பயமில்லை. வெளியே கிட்டத்தட்ட ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். பின் இருக்கையில் மூன்று பேர் ஏறி, டிக்கியும் நிறைந்தால் மட்கார்டு விளிம்பு டயரைச் சீவும். வீல் பேரிங் மீதும் சுமை கூடும். அதே டிசைனில் 6.5ஜே, ஈ.டி. 40 முதல் 45 வரை கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

ஸ்டீல் ரிம்மில் ஈ.டி. எண் தெரியாவிட்டால், ரிம்மைக் குப்புறப் போட்டு, பின் விளிம்பின் குறுக்கே நேரான கம்பி ஒன்றை வையுங்கள். கம்பியிலிருந்து ஹப் முகம் வரை உள்ள ஆழத்தை அளந்து, விளிம்புகளையும் சேர்த்த மொத்த அகலத்தில் பாதியைக் கழித்தால் ஈ.டி. வந்துவிடும்.

ஐந்து நட்டு ரிம்மில் பி.சி.டி. எப்படி அளப்பது?

பி.சி.டி. என்பது நட்டு ஓட்டைகளின் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம். நான்கு நட்டு என்றால் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும். ஐந்தில் எதிர் ஓட்டை கிடையாது. அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் மைய தூரத்தை அளந்து 1.701-ஆல் பெருக்குங்கள். 67.2 மி.மீ. வந்தால் 114.3, 65.8 வந்தால் 112. ஒன்றரை மி.மீ.கூட வித்தியாசமில்லை என்பதால் டேப்பை நம்பாதீர்கள், வெர்னியர் காலிப்பரால் அளங்கள்.

புன்டோ வைத்திருக்கிறேன். 4×100 அலாயைப் போட்டுக் காட்டினார்கள், போல்ட்டும் ஏறிவிட்டது. எடுக்கலாமா?

வேண்டாம். ஃபியட் புன்டோவின் பி.சி.டி. 98, இந்த அலாயின் பி.சி.டி. 100. ஒவ்வொரு போல்ட்டும் தன் குழியின் மையத்திலிருந்து 1 மி.மீ. விலகி, கூம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் அழுத்திக்கொண்டு நிற்கும். ‘உக்காந்துடுச்சு’ என்பது இந்த லட்சணம்தான். ஓட ஓட போல்ட் தளரும், சில சமயம் முறியும்.

புது அலாய் போட்டதிலிருந்து 80-90 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் ஆடுகிறது. இரண்டு முறை பேலன்சிங் செய்தாயிற்று.

நடு ஓட்டையைப் பாருங்கள். பல கார்களுக்கும் ஒரே அச்சு போதும் என்று, வெளிச்சந்தை அலாய்களில் நடு ஓட்டையைப் பெரிதாக, பெரும்பாலும் 73.1 மி.மீ. வைத்துவிடுவார்கள். ஸ்விஃப்ட், ஐ20 ஹப் 54.1. சிட்டி 56.1. கிரெட்டா 67.1. இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் போடாவிட்டால் சக்கரம் மையத்தில் நிற்பது நட்டின் தயவில்தான். பேலன்சிங் மெஷின் ரிம்மைத் தன் கூம்பில் சரியாக மையப்படுத்திக்கொள்ளும். அதனால் அங்கே குறை தெரியாது, காரில் ஏறியதும் தெரியும்.

வெளிவிட்டம் 73.1, உள்விட்டம் உங்கள் ஹப் அளவு என்று கேட்டு நான்கு ரிங் வாங்குங்கள். ஹப் முகத்திலுள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். சக்கரம் தரையில் படாமல் ஜாக்கியில் நிற்கும்போதே எல்லா நட்டையும் கையால் திருகி, எதிரெதிராக இறுக்கிவிட்டுப் பிறகு இறக்கவும்.

ஹோண்டா சிட்டிக்கு அலாய் வாங்கினேன். பழைய நட்டையே போடலாமா?

கூடாது. ஹோண்டாவின் நட்டு அடிப்பாகம் உருண்டை, வெளிச்சந்தை அலாயின் குழி பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. உருண்டை கூம்பில் உட்கார்ந்தால் மெல்லிய கோடாக மட்டுமே தொடும். சந்தேகமிருந்தால் நட்டின் அடியில் மார்க்கர் மை தடவி, லேசாக இறுக்கிக் கழற்றிப் பாருங்கள். குழியில் மை அகலமான பட்டையாகப் படிந்திருக்க வேண்டும்.

மரையும் முக்கியம். முதல் எண் ஸ்டட்டின் (ஹப்பில் நட்டு ஏறும் திருகுக் கம்பி) விட்டம், அடுத்தது மரைக்கு மரை உள்ள இடைவெளி, இரண்டும் மி.மீ.-ல். சிட்டியும் ஐ20-யும் 12×1.5, ஸ்விஃப்ட் 12×1.25. மாற்றிப் போட்டால் இரண்டு மூன்று சுற்று கையால் ஏறி நிற்கும். அப்போது ஏர் கன்னை வைத்தால் ஸ்டட்டின் மரை உரிந்துவிடும். 12×1.5-ல் குறைந்தது 8 சுற்று, 12×1.25-ல் 10 சுற்று ஏற வேண்டும். கடைசி இறுக்கம் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால்தான். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

ஸ்டெப்னி பழைய ஸ்டீல் ரிம் என்றால் பழைய நட்டுகளை டிக்கியிலேயே போட்டு வையுங்கள். நட்டுக்குத் தனிச் சாவி உண்டென்றால் அதுவும் அங்கேயே இருக்கட்டும். வீட்டு அலமாரியில் இருக்கும் சாவியால் நடுவழியில் என்ன பயன்?

பிரேக் காலிப்பர் இடிக்கிறது. 5 மி.மீ. ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் தட்டு) போட்டால் தீருமா?

இடிப்பது தீரும். ஆனால் ஸ்டட்டில் அந்த 5 மி.மீ. போய்விடும். 1.5 மரையில் அது மூன்று சுற்றுக்கும் மேல். நீளமான ஸ்டட் மாற்றாமல் போடாதீர்கள்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய அலாய் வாங்கலாமா?

வாங்கலாம், டயரைக் கழற்றிக் காட்டினால் மட்டும். வெளிப்பக்கம் பெயின்ட் பளபளக்கும். பள்ளத்தில் விழுந்த அடி உள்விளிம்பில்தான் இருக்கும். பேலன்சிங் மெஷினில் ஏற்றிச் சுழற்றி, இரு விளிம்பையும் கவனியுங்கள். ஸ்போக் வேரிலும் நட்டுக் குழி ஓரத்திலும் விரலை ஓட்டுங்கள், மயிரிழை விரிசல் அங்கேதான் தொடங்கும். வெல்டிங் தழும்பு இருந்தால் தொட வேண்டாம். பின்பக்கம் கிலோவில் பொறித்திருக்கும் சுமை எண், உங்கள் காரில் அதிகம் சுமக்கும் அச்சின் முழுச் சுமையில் பாதிக்குக் குறையக் கூடாது. எந்த எண்ணும் எந்த முத்திரையும் இல்லாத ரிம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்சூரன்ஸ்?

பில்லைக் கொடுத்து, அலாயைத் துணைச்சாதனமாகப் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால், திருடு போகும் நாளில் ஸ்டீல் ரிம் கணக்குதான் கைக்கு வரும்.