துறைத் தலைவர் கையெழுத்தா, லேப் மேடத்தின் கடிதமா?

கேள்வி: கடலூரில் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இதுவரை 74 சதவீதம். இரண்டாம் செமஸ்டரில் கணிதத்தில் ஒரு அரியர், அடுத்த முறையே முடித்துவிட்டேன். புராஜெக்டுக்காக சிப்காட் பக்கத்து ஊர்களில் அடிபம்பு நீரின் கடினத்தன்மையைப் பார்த்தோம். முதலில் எடுத்த அளவுகள் தாறுமாறாக வந்தன. அமில-காரத் தன்மையை மாறாமல் வைத்திருக்கும் பஃபர் கரைசல் பழசு என்று பிறகுதான் தெரிந்து மறுபடி எடுத்தோம். ஜெர்மனியில் சுற்றுச்சூழல் அறிவியல் முதுகலை படிக்க ஆசை. எஸ்.ஓ.பி. (ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் நோக்கக் கடிதம்) எப்படி எழுதுவது? பரிந்துரைக் கடிதத்தை ஹெச்.ஓ.டி.யிடம்தான் (துறைத் தலைவர்) வாங்க வேண்டுமா? அவருக்கு என்னை அவ்வளவாகத் தெரியாது.
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த பஃபர் வரிதான் உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பிடித்தது. அதற்கு வருகிறேன். முதலில் மதிப்பெண் கணக்கை முடித்துவிடுவோம்.

ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 தேர்ச்சியின் விளிம்பு. நம் மதிப்பெண்ணை அதற்கு மாற்ற 'பவேரியன் ஃபார்முலா' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 100லிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, 100லிருந்து தேர்ச்சி மதிப்பெண்ணைக் கழித்தால் வருவதால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். தேர்ச்சி 40 என்றால் உங்களுக்கு 2.3 வரும். அதே 74க்குத் தேர்ச்சி 50 என்று அங்கே ஒருவர் எடுத்துக்கொண்டால் 2.56 ஆகிவிடும். 2.5க்குக் கீழே இருந்தால்தான் பரிசீலிப்போம் என்கிற படிப்புகள் உண்டு. ஆகவே தேர்ச்சி மதிப்பெண் 40 என்பது மதிப்பெண் பட்டியலிலேயே அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பல்கலைக்கழகத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். மூன்று வருடப் பட்டத்தை ஏற்கிறார்களா என்பதையும் ஒவ்வொரு படிப்பின் நிபந்தனையிலும் தனித்தனியாகப் படித்துவிடுங்கள்.

அரியர் பற்றிக் கவலை வேண்டாம். எஸ்.ஓ.பி.யில் அதற்கு ஒரு பத்தி ஒதுக்கி மன்னிப்புக் கேட்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். வீட்டில் நோய், வெள்ளம் என்று உண்மையான காரணம் இருந்தால் ஒரு வரி போதும். இல்லையென்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

இப்போது எஸ்.ஓ.பி. அங்கே பெரும்பாலும் மோட்டிவேஷன் லெட்டர் என்று கேட்பார்கள், ஒன்றிரண்டு பக்கம். 'சிறு வயது முதலே இயற்கையின் மீது எனக்குத் தீராத ஆர்வம்' என்று தொடங்கும் கடிதங்களைப் படித்துப் படித்து எனக்கே அலுத்துவிட்டது. தேர்வுக் குழுவைக் கேட்கவே வேண்டாம். கன்சல்டன்சியில் காசு கொடுத்தாலும் கிடைப்பது பெரும்பாலும் அதே கடிதம்தான், பெயர் மட்டும் மாறியிருக்கும்.

உங்களிடம் இருப்பதைப் பாருங்கள். கடினத்தன்மையை அளக்க ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் டைட்ரேஷனில் ஒயின் சிவப்பு நீலமாக மாறும் இடம்தான் முடிவுப் புள்ளி. அது பளிச்சென்று தெரிய பி.ஹெச். (அமில-கார அளவு) 10 வாக்கில் நிற்க வேண்டும். அம்மோனியா பஃபர் பாட்டிலை அடிக்கடி திறந்து வைத்தால் அம்மோனியா பறந்துவிடும், பி.ஹெச். இறங்கும், நிறம் எப்போது மாறியது என்றே தெரியாமல் இழுக்கும். உங்கள் அளவுகள் தாறுமாறானதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். எந்த ஊர், எத்தனை பம்புகள், அளவு எப்படித் தப்பியது, சந்தேகம் யாருக்கு முதலில் வந்தது, புதுக் கரைசலில் எவ்வளவு மாறியது: இதை அப்படியே எழுதுங்கள். இரண்டு பத்தி வரும். தப்பான எண்ணைத் தப்பு என்று சந்தேகப்படத் தெரிந்த பெண் என்பது அதிலேயே புரிந்துவிடும், நீங்கள் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. அப்புறம் கடினத்தன்மையை மட்டும் பார்த்தோம், கன உலோகங்களைப் பார்க்க எங்களிடம் கருவி இல்லை என்று எழுதி, அந்தப் படிப்பின் எந்தப் பாடம் அதைச் சொல்லித்தருகிறது என்று பெயரோடு சேருங்கள். இந்த வரி ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் மாற வேண்டும். மாற்ற முடியவில்லை என்றால் அந்தப் படிப்பின் பக்கத்தை நீங்கள் இன்னும் சரியாகப் படிக்கவில்லை.

பரிந்துரைக் கடிதத்துக்கும் இதே நியாயம்தான். புராஜெக்டை மேற்பார்த்த லேப் மேடத்திடம் கேளுங்கள். உங்களைத் தெரியாத ஹெச்.ஓ.டி. 'நல்ல மாணவி, ஒழுக்கமானவர்' என்றுதான் எழுத முடியும், அது யாருக்கும் உதவாது. ஹெச்.ஓ.டி. மனம் கோணுவாரே என்று தயக்கம் இருந்தால், இரண்டு கடிதம் கேட்கும் இடத்தில் இரண்டாவதை அவரிடம் வாங்கிக்கொள்ளலாம்.

நம் கல்லூரிகளில் ஒரு வழக்கம் உண்டு: 'நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.' அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். எஸ்.ஓ.பி.யும் கடிதமும் ஒரே கை எழுதியது என்பது படிக்கிறவருக்குச் சட்டென்று தெரிந்துவிடும். பதிலாக ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: மேடம், இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன், கடைசித் தேதி இது, புராஜெக்டில் நான் செய்தவை இவை, பஃபர் விஷயம் நினைவிருக்கிறதா என்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு எழுத அவருக்கு அரை மணி நேரம் போதும். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் ஆசிரியரின் மெயிலுக்கே நேராக இணைப்பு போகும். அது கல்லூரி முகவரியாக இருந்தால் நல்லது.

காகித வேலைகளில் பெயரைக் கவனியுங்கள். மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக என்று இருக்கும். எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே நிரப்பி, இரண்டும் ஒருவரே என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் கல்விச் சான்றுகளை ஜெர்மன் தரப்பில் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம். கைக்கு வர நாளாகும், முதலிலேயே விண்ணப்பியுங்கள். அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லைதான். ஆனால் விசாவுக்கு ஒரு வருடச் செலவுப் பணத்தை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற 'பிளாக்டு அக்கவுண்ட்') காட்ட வேண்டும். நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல் வரும். வீட்டில் இதை இப்போதே பேசிவிடுங்கள்.

அந்தப் பேச்சு சரிவராவிட்டாலும் வழி இருக்கிறது. காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சூழலியல், சுற்றுச்சூழல் அறிவியல் துறையே உண்டு. அங்கே முதுகலைக்கு சி.யூ.இ.டி. பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்தான், எஸ்.ஓ.பி. எல்லாம் தேவைப்படாது. 2024, 2025 இரண்டு ஆண்டுகளும் தேர்வு மார்ச்சில் தொடங்கியது, விண்ணப்பம் அதற்கு முன்பே மூடிவிட்டார்கள். ஜெர்மன் வேலையோடு சேர்த்து இதற்கும் பதிவு செய்துவிடுங்கள்.