எங்கட ஊரில் அந்த இரண்டு மலை எங்கே இருக்கு?

வாசகர் கேள்வி:

டீச்சர், எனக்கு நியமனம் கிடைத்து எட்டு மாதம். மட்டக்களப்பு டவுனில் பிறந்து வளர்ந்தவள். இப்போது குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கிற மிதவைப் படகு) ஏறி, மண்டூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். ஆறாம் தரப் பிள்ளைகள் ஆசையாகக் கீறுகிறார்கள். ஏழு, எட்டுக்கு வந்ததும் "எனக்குக் கீற வராது டீச்சர்" என்று கொப்பியைக் கையால் மூடிவிடுகிறார்கள். எதைக் கீறச் சொன்னாலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஒரு குடிசை. மலை கீறுவதற்கு அடிமட்டம் வேறு கேட்கிறார்கள். 38 பேரில் பாதிப் பேரிடம் வர்ணம் இல்லை. ஒரு பையன் எல்லாவற்றுக்கும் கறுப்பே பூசுகிறான். அவனைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. தவணைச் சோதனை நெருங்கினால் என் பாடவேளை கணக்கு சேருக்குப் போய்விடும். திறமை இல்லாதது எனக்கா, பிள்ளைகளுக்கா?

(பெயர் வேண்டாம், மட்டக்களப்பு)

பதில்:

அன்பு மகளுக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் இல்லாமல் இல்லை, பிள்ளைகளுக்கும் இல்லாமல் இல்லை. பன்னிரண்டு வயதில் எல்லா ஊரிலும் நடக்கிற ஒன்றுதான் உங்கள் வகுப்பிலும் நடக்கிறது.

ஆறு வயதுப் பிள்ளை வாப்பாவை வீட்டை விடப் பெரிதாகக் கீறும். சுவருக்கு உள்ளே இருக்கிற பானையும் வெளியே தெரியும். அதைப் பற்றி அதற்குக் கவலையே கிடையாது. ஒன்பது, பத்து தாண்டினால் கண் திறந்துவிடுகிறது. மாட்டின் பின்கால் எந்தப் பக்கம் மடியும், தூரத்தில் வருகிற பஸ் ஏன் சின்னதாகத் தெரிகிறது என்றெல்லாம் பார்க்கத் தொடங்கிவிடும். கையோ பழைய இடத்திலேயே நிற்கிறது. தான் கீறியது மாடு மாதிரி இல்லை என்பது பிள்ளைக்கே தெரிகிறது. சிறுவர் சித்திரத்தை வயதுப்படி ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இலேயே இதை எழுதிவைத்தார். ஒன்பது வயதளவில் தொடங்குவது ஒரு படி, பதினொன்று பன்னிரண்டு வயதளவில் தொடங்குவது இன்னொரு படி. அந்த இரண்டாம் படியில்தான் பிள்ளை தன் படத்துக்குத் தானே நீதவானாகி உட்காருகிறது. "எனக்குக் கீற வராது" என்பது வளர்ந்துவிட்ட கண் சொல்லும் பேச்சு. அந்த நேரத்தில் கைக்கு ஒருவரும் உதவாவிட்டால் கை அங்கேயே நின்றுவிடும். உங்கள் அதிபரிடம் ஒரு மனிதனைக் கீறித் தரச்சொல்லிப் பாருங்கள். ஏழாம் தரத்துப் படம்தான் வரும். (நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம்.)

இரண்டு மலைப் படம் அந்தப் பயத்துக்குப் போட்ட வேலி. எப்படிக் கீறுவது என்று எல்லோருக்கும் தெரியும், கீறினால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். அதனால் அதற்காகப் பிள்ளைகளை ஏசாதீர்கள். ஒரு நாள் மட்டும், சும்மா கதைக்கிற மாதிரி, "இந்த மலை எந்த ஊர்?" என்று கேளுங்கள். நம்முடைய மாவட்டத்தில் குடும்பிமலையைப் போல ஒன்றிரண்டைத் தவிர மலை என்று காட்ட என்ன இருக்கிறது? சூரியன் எழும் கரை எழுவான்கரை, அது படும் கரை படுவான்கரை என்று ஊருக்கே சூரியனை வைத்துப் பேர் வைத்தவர்கள் நம்முடைய ஆட்கள். அந்தப் படுவான்கரைப் பிள்ளைகள் சூரியனைக் கொண்டுபோய் எங்கேயோ இருக்கிற மலை இடுக்கில் செருகுகிறார்கள்! வாவிக்கு மேலால் அது எழும்புவதை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பாதையில் வருகிற பிள்ளைகள் எல்லோரும் கை தூக்குவார்கள். ஆனால் அந்த நேரத்தில் தண்ணீர் என்ன நிறம் என்று கேட்டால் "நீலம்" என்பார்கள். மறுநாள் பார்த்துவிட்டு வரச்சொல்லுங்கள். நீங்களும் பாதையில் நின்று பாருங்கள், மகள். எட்டு மாதமாகக் கடக்கிறீர்களே.

இனி நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். நான் படிப்பிக்கத் தொடங்கிய இரண்டாம் வருடம், எட்டாம் தரத்தில் ஒரு பெண்பிள்ளை வள்ளம் கீறிக்கொண்டிருந்தது. வள்ளத்தின் அணியம் (முன்பக்கம்) கோணலாக இருந்தது. நான் பென்சிலை வாங்கி நாலு கோடு போட்டுச் சரியாக்கிக் கொடுத்தேன். நல்ல வள்ளம்தான் வந்தது. பாடம் முடிந்து பார்த்தால் அந்தத் தாள் மேசையிலேயே கிடந்தது. பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அது இப்போது டீச்சருடைய படம் அல்லவா? அதற்குப் பிறகு பிள்ளையின் தாளில் நான் கை வைத்ததில்லை. காட்டத்தான் வேண்டுமென்றால் வேறொரு துண்டுத் தாளில் கீறிக் காட்டிவிட்டு, அதைக் கசக்கிப் போட்டுவிடுவேன்.

இரட்டைப் பாடவேளை கிடைக்கிற நாளில் இப்படித் தொடங்குங்கள். அடிமட்டங்களையும் அழிறப்பர்களையும் ஒரு பிஸ்கட் டின்னில் வாங்கி மேசையில் வையுங்கள். பென்சில் வேண்டாம், எழுதுகிற பேனையை எடுக்கச் சொல்லுங்கள். இடது கையை மேசையில் வைத்து, அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டு, தாளைப் பார்க்காமல், எறும்பு ஊர்கிற வேகத்தில் விளிம்பைக் கீறவேண்டும். பேனையைத் தூக்கக் கூடாது. ஐந்து நிமிடம். முடித்துவிட்டுத் தாளைப் பார்க்கும்போது வகுப்பே சிரிக்கும், ஏனென்றால் எல்லோருடைய கையும் நண்டு மாதிரி இருக்கும். கெட்டிக்காரன், மொக்கன் என்ற வித்தியாசம் அந்த ஐந்து நிமிடத்தில் இல்லாமல் போய்விடுகிறது. நீங்களும் வெண்பலகையைப் பார்க்காமல் கீறுங்கள். உங்களுடையதும் நண்டாகத்தான் வரும். இரண்டாம் தடவை கீறும்போது ஒரு சின்ன மடிப்பு, நகத்தின் ஒரு வளைவு உண்மையாக விழுந்திருக்கும். அதைத் தேடிப் பிடித்துச் சொல்லுங்கள். "வடிவாக இருக்கு" என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடாதீர்கள். "இந்தப் பெருவிரல் மடிப்பைப் பார்த்துத்தான் கீறியிருக்கிறாய்" என்று சொன்னால் பிள்ளைக்குத் தான் என்ன செய்தது என்று தெரியும்.

அடுத்த கிழமை ஒரு சைக்கிளைக் கொண்டுவந்து சுவரோரம் நிறுத்துங்கள். "சைக்கிளைக் கீறவேண்டாம். சைக்கிளுக்குள்ளால் தெரிகிற சுவரைக் கீறுங்கள்" என்று சொல்லுங்கள். சட்டத்துக்கு நடுவில் இருக்கிற முக்கோண வெளி, கம்பிகளுக்கு இடையில் தெரிகிற துண்டுகள், இவ்வளவுதான் கீறவேண்டியது. பிள்ளையின் தலையில் சைக்கிளுக்கு ஒரு ஆயத்தப் படம் இருக்கிறது, இரண்டு வட்டமும் ஒரு கைப்பிடியும். வெற்றிடத்துக்கு அப்படி ஒரு ஆயத்தப் படம் கிடையாது. அதனால் பார்த்துத்தான் கீறவேண்டிவரும். துண்டு துண்டாகக் கீறி முடிக்கும்போது நடுவில் சைக்கிள் தானாக வந்து நிற்கும். எனக்குத் தெரிந்த பாடங்களில் பிள்ளைகள் "ஆ!" என்று வாய் திறந்து பார்ப்பது இந்த ஒன்றுக்குத்தான்.

வர்ணத்துக்கு வருவோம். ஆளுக்கொரு பஸ்டல் பெட்டி வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, நாலு போத்தல் போஸ்டர் வர்ணம் போதும். ஆறு குழு, குழுவுக்கு நாலு சிரட்டை. கறுப்புப் போத்தல் வாங்கவே வேண்டாம். முதல் வேலை, ஒவ்வொருவரும் தன் புறங்கையின் நிறத்தைக் கலக்கிக் கையிலேயே ஒரு பொட்டு வைத்துப் பார்ப்பது. பொட்டு தோலோடு தோலாக மறைந்தால் வென்றாயிற்று. பஸ்டல் பெட்டியில் "தோல் கலர்" என்று ஒரு ரோசாக் குச்சி வருகிறதே, அந்தத் தோல் உள்ள பிள்ளை உங்கள் வகுப்பில் ஒன்றாவது இருக்கிறதா? ஆனால் எல்லாப் பிள்ளையும் அம்மாவின் முகத்துக்கு அதைத்தான் பூசுகிறது. சிவப்பும் மஞ்சளும் சேர்த்து, நீலம் ஒரு துளி விட்டால் மண்ணிறம் எழும்பும்; பிறகு ஆளாளுக்குக் கூடக் குறைய. இதை ஒரு தரம் கலக்கிப் பார்த்த பிள்ளை ரோசாக் குச்சிக்குத் திரும்பிப் போகாது.

போத்தலும் வாங்க முடியாத தவணையில் அடுப்பங்கரை இருக்கிறது. கரி, செங்கல் தூள், மஞ்சள். அம்மம்மாவின் வெற்றிலை வட்டாவில் இருந்து சுண்ணாம்பு கொஞ்சம் மஞ்சள் தண்ணீரில் விட்டால் சிவக்கும். ஆராத்தித் தண்ணீர் பார்த்த பிள்ளைகளுக்கு இது புதினமே இல்லை, ஆனால் தாளில் செய்து பார்த்திருக்க மாட்டார்கள். (சுண்ணாம்பை நீங்களே கலக்குங்கள், கண்ணில் படக்கூடாது.) தூள் தாளில் ஒட்டி நிற்க விளாம் பிசினை ஊறவைத்துச் சேர்க்கலாம், இலங்கையின் பழைய சுவரோவியக்காரர்களும் அதைத்தான் சேர்த்தார்கள். பிறஷ் இல்லையா? வாவிக் கரையில் தாழை நிற்கும். அதன் விழுதில் ஒரு துண்டு வெட்டி, முனையைக் கல்லில் வைத்து நசுக்கினால் நார் நாராக விரியும். தடித்த கோட்டுக்கு அருமையான தூரிகை.

பாடநூலில் வருகிற சித்திர வரலாற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் சந்திரவட்டக்கல்லை (பழைய விகாரைகளின் வாசற்படியில் இருக்கிற அரைவட்டச் சிற்பக் கல்) "அன்னம், யானை, குதிரை" என்று பாடமாக்கிச் சோதனையில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அம்பாறை மாவட்டத்தில், லகுகலையில் இருக்கிற மகுல் மகாவிகாரையின் சந்திரவட்டக்கல்லில் யானைகளின் மேல் பாகர்கள் இருக்கிறார்கள். வேறெங்கும் இல்லாத புதுமை அது. அதன் படத்தைக் காட்டி, "இந்தச் சிற்பி ஏன் ஆளை ஏற்றினான்?" என்று கேட்டுவிட்டு, ஆளுக்கொரு அரைவட்டம் கொடுங்கள். எருமை, கொக்கு, இறால், நண்டு, எது வேண்டுமானாலும் வரிசையாக நடக்கட்டும். அதே மாதிரி, மண்டூர்ப் பக்கம் கூத்தாடாத ஊர் இருக்கிறதா? கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவரைக் கேட்டு, கூத்தர் தலையில் வைக்கிற ஒரு முடியும் அவர்கள் உடுத்துகிற ஒரு கரப்புடுப்பும் கொண்டுவரச் சொல்லுங்கள். வகுப்பு நடுவில் வைத்துச் சுற்றியிருந்து கீறட்டும்.

நான் சில வருடம் கல்முனைப் பக்கமும் படிப்பித்தேன். அங்கே சில முஸ்லிம் வீடுகளில் மார்க்கத்துக்காக ஆள், மிருகம் கீறுவதை விரும்பமாட்டார்கள். நான் தர்க்கம் பண்ணப் போகவில்லை. மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் கோடுகளையும் பன்பாயின் கட்டங்களையும் கொண்டுவரச் சொன்னேன். கட்டத் தாளில் அந்தப் பிள்ளைகள் போட்ட கோலங்களுக்குப் பக்கத்தில் என்னுடைய மாடு வெட்கப்பட்டு நின்றது.

கறுப்புப் பூசுகிற பையன். பயப்படுவதற்கு முன்னால் அவனுடைய பெட்டியைத் திறந்து பாருங்கள், மிச்சம் இருக்கிற குச்சி என்ன நிறம் என்று. நான் இதைப் பகிடிக்குச் சொல்லவில்லை. அண்ணன் பாவித்து முடித்த பெட்டி தம்பிக்கு வரும்போது, பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையும்தான் மிஞ்சியிருக்கும். வேறு நிறம் கொடுத்தும் கறுப்பையே எடுத்தால், அவனுக்குக் கறுப்புப் பிடித்திருக்கலாம். கரிக்கட்டையைக் கொடுங்கள், நல்லாக் கீறுவான். சாப்பிடாமல் வருகிறான், ஒருவரோடும் சேர்வதில்லை, திடீரென்று மாறிவிட்டான் என்றால் மட்டும் வகுப்பாசிரியரிடமும் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடமும் சொல்லுங்கள். படத்தை வைத்துக்கொண்டு நாம் வைத்தியர் ஆகக்கூடாது. "ஏன் கறுப்பு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்கவும் கூடாது. மட்டக்களப்பில் 1996இல் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியபோது, யுத்தத்தைக் கண்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக வந்து மண் பிசைந்தார்கள், படம் கீறினார்கள், கதை சொன்னார்கள். அங்கே பிள்ளைகளுக்குக் கிடைத்ததில் பெரியது, தன் பாட்டில் செய்துகொண்டிருக்க ஒரு இடமும் பக்கத்தில் ஒரு பெரியவரும். உங்கள் 40 நிமிடத்திலும் அது கிடைக்கும்.

பாடவேளை விஷயத்தில் என் அபிப்பிராயம் கொஞ்சம் பிடிவாதமானது. "சித்திரம் படித்தால் கணக்கும் வரும்" என்று சொல்லி இடம் கேட்காதீர்கள். கணக்கின் தயவில் இருக்கிற பாடம் இல்லை இது. அதிபரிடம் போய், "ஓ.எல்லுக்கு அழகியற் பாடமாகச் சித்திரம் எடுக்கப்போகிற பிள்ளையின் கை இப்போதுதான் பழகும், பத்தாம் தரத்தில் தொடங்கினால் பிந்திவிடும் சேர்" என்று சொல்லுங்கள். அவருக்குப் பெறுபேறு விளங்கும். கொடுத்த பாடவேளைகளைத் திகதி போட்டு எழுதிவைத்து, சோதனை முடிந்த கிழமையில் சிரித்த முகத்தோடு திருப்பிக் கேளுங்கள். கணக்கு சேர் நல்லவராக இருந்தால் தருவார். அவரையும் ஒரு நாள் சைக்கிள் பாடத்துக்குக் கூப்பிடுங்கள்.

படங்களைச் சுவரில் தொங்கவிடும்போது நல்லதென்று ஐந்தைத் தெரிந்தெடுக்காமல் 38ஐயும் தொங்கவிடுங்கள். ஆனால் மஞ்சளில் செய்தவற்றை யன்னல் பக்கம் வைக்கவேண்டாம். வெயில் பட்டால் வெளிறிப்போகும். பிள்ளைகள் வந்து தங்கட படத்தைத் தேடுவார்கள்.